ஜஅதாவும் கல்லீரலும்: வடக்கு ஜோர்தானில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடக்கு ஜோர்தானில் அஜ்லூன் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பெண். வயது 57. பதினோரு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் இரவும். கொழுப்புக்காக அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி., பதினான்கு மாதங்களாக. மதுவும் புகையும் இல்லை. இந்த ஸ்டாடின் மாத்திரை தொடங்குமுன் எடுத்த ஏ.எல்.டி. (ஈரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் நொதி) 24, தொடங்கி மூன்றாம் மாதம் எடுத்தது 26. அந்த ஆய்வகத்தில் உச்ச வரம்பு 40. பழைய கோப்பில் கிடந்த இந்த இரண்டு எண்களும் பின்னால் பெரிய உதவியாக இருந்தன. (அடையாளம் தெரியாமலிருக்க வயது, உறவுமுறை, ஊர் விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.4 சதவீதம் வந்தது. அடுத்த முறையும் குறையாவிட்டால் இன்சுலின் என்று ஊர் சுகாதார நிலைய மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தப் பெண்ணின் அக்காவுக்கு இன்சுலின் தொடங்கிய அடுத்த ஆண்டே கால் எடுக்க நேர்ந்தது. ஊசியால்தான் கால் போயிற்று என்பது அந்த வீட்டில் உறுதியான நம்பிக்கை. காலுக்குக் கேடு செய்தது பல ஆண்டுச் சர்க்கரை, ஊசி வந்தது கடைசியில்தான் என்று யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்கவில்லை. அந்த வாரமே அவர் அத்தார் கடைக்குப் போனார்.

அத்தார் என்பவர் அரபு ஊர்களில் வாசனைப் பொருள், மளிகை மசாலா, மூலிகை மூன்றையும் ஒரே கடையில் வைத்து விற்பவர். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே காப்பிக்கான ஏலக்காயும் கல்லீரலைத் தொடும் மூலிகையும் ஒரே தராசில் நிறுக்கப்படும். இந்தச் சிறு விஷயம் பிறகு பொருள்படும்: அங்கே வாங்குவதை யாரும் ‘மருந்து’ என்று எண்ணுவதில்லை.

கொடுக்கப்பட்ட மூலிகை

அத்தார் கொடுத்தது ஜஅதா. தாவரப் பெயர் டியூக்ரியம் போலியம். துளசி, புதினா குடும்பத்துச் செடி. முழங்கால் உயரம் கூட வராது. சாம்பல் பூத்த பச்சை நிறம். இலையும் தண்டும் பஞ்சு ஒட்டியதுபோல் ரோமம் அடர்ந்தவை. இலை ஓரம் சிறு அலைபோல் வளைந்திருக்கும். பூக்கள் வெளிறிய சிறு கொத்துகளாகத் திரண்டிருக்கும். கசக்கினால் காரமான வாசனை. நாக்கில் வைத்தால் கடும் கசப்பு. அரபியில் ‘ஜஅத்’ என்றால் சுருள்முடி. செடியைக் கையில் எடுத்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும்.

வயிற்று வலிக்கு இதன் கஷாயம் குடிப்பது ஜோர்தான், பாலஸ்தீனம், சிரியா எங்கும் உள்ள பழக்கம். வழக்கமான முறை எளிது. ஒரு கோப்பைக் கொதிநீரில் ஒரு சிட்டிகை, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டி, ஓரிரு நாள் குடித்துவிட்டு நிறுத்துவது. கசப்பே அளவைக் காத்தது என்றும் சொல்லலாம். யாரும் ஆசைப்பட்டு இரண்டாம் கோப்பை கேட்பதில்லை.

இந்தப் பெண் எடுத்த விதம் வேறு. முதல் நான்கு வாரம்: கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி குவியலாக, பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்துப் பாதியாக வற்றியதும், தினம் மூன்று வேளை. உலர்ந்த இலை கனமற்றது என்பதால் கரண்டிக்கு இரண்டரை கிராம் என்று வைத்தாலும் நாளுக்கு ஏழு எட்டு கிராம் ஆகிறது. ஐந்தாம் வாரம் முதல், கஷாயத்தோடு, அரைத்த பொடியைத் தேனில் குழைத்தது காலை, இரவு வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி. அரைக் கிலோ தேனுக்கு நூறு கிராம் பொடி. கூடவே வெந்தயமும் கருஞ்சீரகமும் கொஞ்சம். கணக்குப் போட்டால் நாளுக்கு மூன்று கிராம் அளவில் ஜஅதாப் பொடி முழுசாக உள்ளே போயிருக்கிறது. நீரிழிவுக்கு மருந்தைத் தேனில் குழைப்பதிலுள்ள முரணைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கஷாயத்துக்கும் பொடிக்கும் உள்ள வேறுபாடு இந்நிகழ்வில் முக்கியம். ஜஅதாவில் கல்லீரலைத் தாக்குபவை நியோ-கிளெரோடேன் வகை டைடெர்பீன்கள் என்ற வேதிப்பொருள்கள். இவை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. வடிகட்டிய கஷாயத்தில் கொஞ்சம் இறங்கும், மீதி சக்கையோடு போய்விடும். பொடியை விழுங்கினால் சக்கை என்று எதுவும் மிஞ்சாது.

வீட்டில் பார்த்த சர்க்கரை 190-இலிருந்து 150 பக்கம் இறங்கியது. மருந்து வேலை செய்கிறது என்று குடும்பமே மகிழ்ந்தது.

முதல் அறிகுறிகளும் முதல் வருகையும்

ஏழாம் வாரம் சோர்வு, குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. சாப்பாடு குறைந்ததால் சர்க்கரை இன்னும் இறங்கியது. அதையும் மூலிகையின் வெற்றி என்றே எடுத்துக்கொண்டார்கள். எட்டாம் வாரம் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு. ஒன்பதாம் வாரம் சிறுநீர் கறுத்த தேநீர் நிறமானது. முற்றத்து வெயிலில் ஆலிவ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கண் வெள்ளை மஞ்சளாக இருப்பதை மகள் கவனித்தார். வீட்டுக்குள் மஞ்சள் விளக்கொளியில் பல நாள் தெரியாமலிருந்தது பகல் வெளிச்சத்தில் தெரிந்தது.

சுகாதார நிலையத்தில் எடுத்த சோதனை: ஏ.எல்.டி. 640, காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் 3.1, பித்த வழி அடைபட்டால் கூடும் நொதியான அல்கலைன் பாஸ்படேஸ் 140 (வரம்பு 120). ஸ்கேனில் பித்தக்கல் இல்லை, பித்தக்குழாய் விரியவில்லை. ஹெபடைடிஸ் ஏ, பி, சி முதற்கட்டச் சோதனைகள் எதிர்மறை.

மருத்துவர் கேட்டது, “நாங்கள் கொடுத்ததைத் தவிர வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” பதில், “இல்லை டாக்டர்.” அவர் பொய் சொல்லவில்லை. ஜஅதா அவர் மனத்தில் மருந்துப் பட்டியலிலேயே இல்லை. அது சமையலறை அலமாரியில், சாய் டப்பாவுக்கும் மரமியா (சேஜ் இலை) டப்பாவுக்கும் நடுவில் இருந்தது.

பட்டியலில் ஈரலோடு தொடர்புள்ள ஒரே பெயர் ஸ்டாடின் என்பதால் அது நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். கையிலிருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் இரண்டு குறைகள் இருந்தன. பதினான்கு மாதம் சும்மா இருந்த மருந்து இப்போது ஏன் தாக்கவேண்டும் என்ற கேள்வி எழவில்லை. ரத்த உறைவுச் சோதனையான ஐ.என்.ஆர். எடுக்கப்படவில்லை. ஏ.எல்.டி. உச்ச வரம்பின் மூன்று மடங்குக்கு மேலும், பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் ஒருசேர உயர்ந்து, பித்த அடைப்பும் இல்லாமலிருந்தால், மருந்துப் பொருள்களால் வரும் ஈரல் பாதிப்பில் பத்தில் ஒருவர் அளவுக்கு மரணமோ மாற்று ஈரல் தேவையோ நேர்கிறது. அந்த எல்லையை இந்தப் பெண் முதல் வருகையிலேயே தாண்டியிருந்தார். ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பும் நிலை அல்ல அது.

அந்த ஒரு வாரம்

வீட்டில் பக்கத்து வீட்டார் சொன்னது: “இது அபூ ஸஃபார். ஜஅதாவைக் கூட்டிக் குடி.” அபூ ஸஃபார் என்பது அங்கே மஞ்சள் காமாலைக்கு வழங்கும் பேச்சுப் பெயர். இந்த அறிவுரை எங்கிருந்தோ முளைத்ததும் அல்ல. பழைய கிரேக்க, அரபு மருத்துவ மரபில் இந்தச் செடி காமாலைக்கு உதவும் என்றே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று கோப்பை ஐந்தானது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று மெட்ஃபார்மினை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டார். அதாவது டாக்டர் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று நிறுத்தப்பட்டு, மற்றது பாதியாகி, பாதிப்பை உண்டாக்கிய பொருள் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது.

பத்தாம் வாரம்: ஏ.எல்.டி. 1180, ஏ.எஸ்.டி. (இன்னொரு ஈரல் நொதி) 870, அல்கலைன் பாஸ்படேஸ் 165, பிலிருபின் 9.4, ஐ.என்.ஆர். 1.5, அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்) 3.6. மாவட்ட மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

சமையலறைக் கேள்விகள்

சேர்ந்த அன்று மாலை மருந்தாளுநர் ஒருவர் மருந்து வரலாறு எடுத்தார். ‘மருந்து’ என்ற சொல்லையே அவர் தொடவில்லை. “ஹாஜ்ஜா, காலையில் எழுந்ததும் முதலில் என்ன குடிப்பீர்கள்?” என்று தொடங்கினார். சாய். “சாயில் என்ன போடுவீர்கள்?” மரமியா. “வயிறு சரியில்லாவிட்டால்?” ஜஅதா. “கடைசியாக எப்போது குடித்தீர்கள்?”

“இன்று காலையில்.”

பிறகு பெயர் சொல்லியே ஒவ்வொன்றாகக் கேட்டார்: ஷீஹ், பாபூனஜ், ஹில்பா (வெந்தயம்), ஹப்பத்துல் பரகா (கருஞ்சீரகம்), ஸனா மக்கி, முர்ர், ஹன்ழல். வெந்தயமும் கருஞ்சீரகமும் உண்டு, மற்றவை இல்லை. வலி மாத்திரை பற்றியும் பெயர் சொல்லிக் கேட்டார். பாராசிட்டமால் இரண்டு மாதமாகத் தொடவில்லை. பத்து நிமிடத்தில் வந்த இந்தப் பதில்கள் முந்தைய வாரம் முழுவதும் வரவில்லை.

முன்பு ஒருமுறை வெந்தயம் குடிப்பதை மருத்துவரிடம் சொன்னபோது, “என்ன வேண்டுமானாலும் குடியுங்கள், மாத்திரையை விடாதீர்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் சொல்லத் தோன்றவில்லை என்றார் அந்தப் பெண்.

மறுநாள் மகள் எல்லா டப்பாவையும் கொண்டுவந்தார். பழைய நெய் டின் ஒன்றில் உலர்ந்த செடி, கண்ணாடிக் குப்பியில் தேன் குழம்பு. டின்னிலிருந்ததை வெள்ளைத் தாளில் கொட்டி, கைலென்ஸில் பார்த்தார்கள். ரோமம் அடர்ந்த அலையோர இலைகள், உருண்ட பூக்கொத்துகள், இடையில் இரண்டு மூன்று புல் தண்டுகள், மண். ஐம்பது கிராம் காகித உறையில் போட்டு, தேதி, வாங்கிய இடம், கொண்டுவந்தவர் எழுதி முத்திரையிட்டார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு அந்த மாதிரி எதற்கும் உதவாது.

மாதிரி இரண்டு இடத்துக்குப் போனது. ஒன்று, பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கு, செடி எது என்று உறுதி செய்ய. ஊர்ப் பெயரை நம்பி நின்றுவிட முடியாது: ஓமானில் ஜஅதா என்றால் டியூக்ரியம் மஸ்கடென்ஸ் என்ற இன்னொரு செடி. இரண்டாவது, மருந்து ஆய்வகத்துக்கு, தேன் குழம்பில் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்களா, ஈயம் உண்டா என்று பார்க்க. ‘சர்க்கரை சட்டென்று இறங்குகிறது’ என்று பெயரெடுத்த எந்தப் பொடியிலும் இந்தச் சந்தேகம் எழவேண்டும். தாவரவியல் துறை டியூக்ரியம் போலியம் என்று உறுதி செய்தது. ஆய்வகம் கலப்பட மாத்திரை இல்லை, ஈயமும் வரம்புக்குள் என்றது. ஆக, கடைக்காரர் சரியான செடியைத்தான், சுத்தமாகத்தான் விற்றிருக்கிறார். தொல்லை கலப்படத்தில் இல்லை, செடியிலேயே இருந்தது.

மருத்துவமனையில் எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள்: ஜஅதா, தேன் குழம்பு, வெந்தயம், மெட்ஃபார்மின். ஈரல் தளரும்போது இந்த மாத்திரையால் லாக்டேட் என்ற அமிலம் ரத்தத்தில் தேங்கலாம் என்பதால் மெட்ஃபார்மின். குற்றவாளி யார் என்று பார்க்கும் நேரத்தில் அரங்கில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பதால் வெந்தயம். சர்க்கரையைச் சிறு அளவு இன்சுலினால் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மணிக்கொரு முறை, இரவிலும், விரல் குத்திப் பார்த்தார்கள். நோயுற்ற ஈரல் சர்க்கரையைச் சேமித்து வைக்காது. விடியற்காலையில் அபாயகரமாக இறங்கலாம்.

ஹெபடைடிஸ் ஈ, சி வைரஸின் ஆர்.என்.ஏ. (அதன் மரபுப்பொருள்), ஈரலைத் தாக்கக்கூடிய வேறு வைரஸ்களான சி.எம்.வி., ஈ.பி.வி. சோதனைகள் போயின. ஹெபடைடிஸ் ஈ அடிக்கடி மறக்கப்படுவது. சி-க்கு ஆன்டிபாடி மட்டும் போதாது, தொற்றின் தொடக்கத்தில் அது இன்னும் உருவாகியிருக்காது. வீட்டில் காய்ச்சாத ஆட்டுப் பாலில் வெண்பாலாடைக்கட்டி செய்வதுண்டு என்று தெரிந்ததால், அத்தகைய பாலால் பரவும் புருசெல்லா கிருமிக்கான சோதனையும் சேர்க்கப்பட்டது. எல்லாம் எதிர்மறை. உடலின் எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளில் ஏ.என்.ஏ. 1:80 என்ற மெல்லிய நேர்மறை, ஐ.ஜி.ஜி. இயல்பு. இந்த மெல்லிய நேர்மறையைப் பார்த்து ஸ்டீராய்டு தொடங்கலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு: இந்த வயதுப் பெண்களில் 1:80 சாதாரணமாகவே காணப்படும், ஸ்டீராய்டு கொடுத்துக் குணமானால், மூலிகையை நிறுத்தியதாலா மருந்தாலா என்று என்றைக்கும் தெரியாது, நீரிழிவும் கட்டுமீறும். பத்து நாளில் ஏ.எல்.டி. பாதியாகாவிட்டால் ஈரல் திசுச் சோதனை என்று தேதி குறித்தார்கள்.

வைட்டமின் கே 10 மி.கி. ரத்தக் குழாய் வழியாக மெதுவாக. மறுநாள் ஐ.என்.ஆர். 1.3. பித்தம் தேங்கியதால் வந்த வைட்டமின் குறை ஒரு பங்கு, ஈரல் செயலிழப்பு ஒரு பங்கு என்று பிரித்துப் பார்க்க அது உதவியது. பாராசிட்டமால் நச்சுக்கு முறிவு மருந்தான என்-அசிடைல்சிஸ்டைன் தயாராக வைக்கப்பட்டது, கொடுக்கப்படவில்லை. பாராசிட்டமால் அல்லாத ஈரல் செயலிழப்பில் அது மனக்குழப்பத்தின் ஆரம்பக் கட்டத்தில் பயன் தரும். அந்நிலை இங்கு வரவில்லை. வந்தால் உடனே அம்மானிலுள்ள மாற்று ஈரல் மையத்துக்கு மாற்றுவது என்று முதல் நாளே தொலைபேசியில் பேசி வைத்தார்கள். வந்துவிட்டதா என்று பார்க்கும் வழி எளியது. செவிலியர் காலை மாலை இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்வார், கை படபடக்கிறதா என்று பார்ப்பார். ஒரே தாளில் தினம் பெயர் எழுதச் சொல்வார். எட்டு நாள் கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தது. தூக்க மாத்திரை எதுவும் கொடுக்கக்கூடாது என்று கோப்பில் சிவப்பில் எழுதப்பட்டது. அரிப்புத் தாங்காமல் அவர் கேட்டபோதும் மயக்கம் தரும் அரிப்பு மாத்திரை கொடுக்கவில்லை.

நடந்தது

மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து எண்ணினால், ஏ.எல்.டி. இரண்டாம் நாள் 1240 வரை ஏறி நின்றது. ஒன்பதாம் நாள் 610. மூன்றாம் வாரம் 190. ஆறாம் வாரம் 58. பதினோராம் வாரம் 27. பிலிருபின் வழக்கம்போல் பின்தங்கியது. ஏ.எல்.டி. இறங்கத் தொடங்கிய பிறகும் ஐந்தாம் நாள் 12.6 வரை ஏறியது. குடும்பம் மிகவும் பயந்தது இந்த நாள்களில்தான். எட்டாம் வாரம் அது இயல்புக்கு வந்தது. திசுச் சோதனை தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார், இரவு ஒரு வேளை இன்சுலினோடு. ஊசி பயம் எப்படிப் போயிற்று என்றால், பன்னிரண்டு நாள் போட்டும் கால் இருந்தது.

பதின்மூன்றாம் வாரம் ஸ்டாடின் 10 மி.கி. மறுபடி தொடங்கப்பட்டது. நான்கு வாரத்தில் ஏ.எல்.டி. 25, பன்னிரண்டு வாரத்தில் 28. இந்த முடிவை எடுக்காமல் விட்டிருந்தால், ‘ஸ்டாடின் ஒவ்வாது’ என்ற ஒரு வரி அவர் கோப்பில் ஆயுள் முழுக்க இருந்திருக்கும். இதய நோய் அபாயமுள்ள நீரிழிவு நோயாளிக்கு அதன் விலை சிறியதல்ல.

ஜஅதாதான் என்று சொல்ல ஆதாரம்

ஈரல் பாதிப்புக்கு ஒரு மருந்துப் பொருள் காரணமா என்று மதிப்பெண் இட்டுப் பார்க்கும் ரூகாம் என்ற அட்டவணைப்படி கணக்கிட்டார்கள். தொடங்கி 5 முதல் 90 நாளுக்குள் பாதிப்பு: 2. நிறுத்தி எட்டு நாளுக்குள் ஏ.எல்.டி. பாதிக்கும் கீழ்: 3. வயது 55-க்கு மேல்: 1. பிற காரணங்கள் எல்லாம் விலக்கப்பட்டன: 2. செடியின் ஈரல் நச்சு முன்பே பதிவாகியுள்ளது: 1. கூட இருந்த ஸ்டாடினின் கால வரிசை பொருந்தவில்லை, கழிக்க எதுவுமில்லை. மொத்தம் 9, அதாவது ‘மிகவும் சாத்தியம்’ என்ற வகை.

நச்சு வேலை செய்யும் விதமும் தெரிந்ததே. இந்த டைடெர்பீன்களில் ஃபியூரான் வளையம் ஒன்று உண்டு. ஈரலின் சிப் 3ஏ நொதிகள் அதை ஆக்சிஜனேற்றும்போது வினைத்துடிப்புள்ள துணுக்குகள் உண்டாகின்றன. ஈரல் செல்லில் குளுடாதையோன் என்ற காப்புப் பொருள் இருக்கும் வரை அது அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தும். தினமும் வந்துகொண்டே இருந்தால் குளுடாதையோன் தீர்ந்து, துணுக்குகள் ஈரல் செல்லின் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். சரியாகச் சாப்பிடாதவருக்குக் குளுடாதையோன் இருப்பே குறைவு. ஏழாம் வாரத்துக்குப் பின் நிலைமை வேகமாகக் கெட்டதற்கு அதுவும் துணை போயிருக்கலாம். ரிஃபாம்பிசின், கார்பமசிபைன் போல இந்த நொதிகளைத் தூண்டும் மாத்திரை எடுப்பவருக்கு அபாயம் இன்னும் கூடும்.

இதே பேரினத்தின் இன்னொரு செடி டியூக்ரியம் கமேட்ரிஸ். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகக் கஷாயமாகக் குடித்து வந்தது. உடல் இளைக்க என்று பிரான்ஸில் அதன் பொடியை காப்ஸ்யூல்களில் அடைத்து விற்கத் தொடங்கிய பிறகு ஏறத்தாழ 30 பேருக்கு ஈரல் அழற்சி வந்து, 1992-இல் தடை செய்தார்கள். அங்கேயும் பெரும்பாலும் இரண்டு மாத அளவில்தான் நோய் தெரிந்தது.

‘ஆயிரம் ஆண்டாகக் குடிக்கிறோமே’ என்ற வாதத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹன்ழல் என்ற பாலைவனக் காயை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஆற்றுத்தும்மட்டி, பேய்க்குமட்டி என்பது அதே காய்தான். அதன் சதை கொஞ்சம் கூடினாலும் அன்றிரவே ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. அதனால் பழைய அரபு மருத்துவர்கள் அதை மிகச் சிறு அளவில், நன்றாக அரைத்து, கதீரா கோந்து போன்ற முறிப்பு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். உடனே கடிப்பதை மரபு நன்றாகக் கற்றுக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து, அதுவும் குடிப்பவர்களில் சிலரை மட்டும் கடிப்பதை எந்த வைத்தியராலும் கண்ணால் பார்த்துத் தொடர்புபடுத்த முடியாது. அதிலும் அந்த நோய்க்கே அது மருந்து என்று எழுதியிருந்தால் எப்படிப் புலப்படும்? மரபின் மௌனத்தை ஜஅதா விஷயத்தில் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. மரபில் அப்படி மாதக்கணக்கில் குடித்ததும் இல்லை.

அத்தார் கடையில்

மருந்தாளுநர் கடைக்குப் போனார், புகார் சொல்ல அல்ல. நடந்ததை எண்களோடு சொன்னார். கடைக்காரர் முதலில் நம்பவில்லை. அப்பா காலத்திலிருந்து விற்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்றார். பிறகு அவரே ஒன்று சொன்னார்: அப்பா காலத்தில் ஒரு கைப்பிடி வாங்குவார்கள், இப்போது சர்க்கரைக்கு என்று கிலோக் கணக்கில் கேட்கிறார்கள், பொடியாக அரைத்துத் தரும் இயந்திரமும் சில ஆண்டுகளுக்கு முன் வந்ததுதான். நோயின் காரணத்தை அவர் தம் வாயாலேயே சொல்லிவிட்டார் எனலாம்.

இருவரும் ஒத்துக்கொண்டது இவ்வளவு: ஜஅதாவை இருபது கிராம் பொட்டலமாக மட்டும் விற்பது, அரைத்துத் தருவதில்லை, தேனில் குழைத்து விற்பதில்லை. ‘மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், ஈரல் நோய் உள்ளவர், கர்ப்பிணி, குழந்தை குடிக்க வேண்டாம், சிறுநீர் கறுத்தால் நிறுத்தி உடனே மருத்துவரிடம் போகவும்’ என்று உறையில் ஒட்டுவது. ‘விற்காதே’ என்று சொல்லியிருந்தால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள், மலையிலும் இலவசமாகவே வளர்கிறது. ஆனால் மூன்று நாள் குடித்தால் பாதுகாப்பு உறுதி என்றும் யாரும் உத்தரவாதம் தரமுடியாது. இது ஆபத்தைக் குறைக்கும் ஏற்பாடு மட்டுமே.

நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு அறிக்கை போனது. மூலிகை அறிக்கைகள் பயனற்றுப் போவது பெரும்பாலும் ‘மூலிகைக் கலவை’ என்று எழுதி விடுவதால்தான். செடியின் தாவரப் பெயர், எந்தப் பாகம், கஷாயமா பொடியா, நாள் அளவு, எத்தனை நாள், எங்கே வாங்கியது, மாதிரி கையிருப்பில் உள்ளதா, கூட எடுத்த மாத்திரைகள் எவை என்று இதில் எல்லாம் நிரப்பப்பட்டன.

ஏழாம் மாதம்

பெருநாள் விருந்துக்குப் பிறகு இன்னொரு அக்கா வீட்டில் வயிற்று உப்புசம். அக்கா ஜஅதா போட்டுக் கொடுத்தார், தினம் இரண்டு கோப்பை, நான்கு நாள். ஐந்தாம் நாள் குமட்டல் வந்ததும் இந்த முறை அவராகவே வந்தார். ஏ.எல்.டி. 310, பிலிருபின் 1.6, ஐ.என்.ஆர். 1.0. முதல் தடவை ஏழு வாரம் எடுத்தது, இரண்டாம் தடவை நான்கு நாளில் வந்தது. நிறுத்தியதும் ஐந்து வாரத்தில் இயல்பானது. இதற்குப் பிறகு அட்டவணை போட்டு மதிப்பெண் கூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்படி ஒரு சோதனையை யாரும் வேண்டுமென்று செய்யக்கூடாது. மறுமுறை முதல்முறையைவிட மோசமாகவும் போகலாம்.

ஏன் குடித்தார் என்று கேட்டபோது அவர் வியப்போடு சொன்னார், “அது கடையில் வாங்கியதில்லையே, அக்கா மலையில் பறித்தது.” முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதில் எழுதியிருந்தது: ‘அத்தார் கடை மூலிகைகளைத் தவிர்க்கவும்.’ ஜஅதா என்ற சொல்லே அதில் இல்லை. ஆய்வகம் செடியைக் குற்றம் சொன்னது, சீட்டு கடையைக் குற்றம் சொன்னது. நோயாளி சீட்டைத்தான் படித்தார், சரியாகவே கடைப்பிடித்தார். அக்காவிடமோ வீட்டில் கஷாயம் போடும் மற்றவர்களிடமோ யாரும் பேசியிருக்கவுமில்லை.

மாற்றியவை

ஊர் சுகாதார நிலையத்தின் நீரிழிவு அட்டையில் ‘வேறு மருந்து’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த வட்டாரத்தில் புழங்கும் பத்து மூலிகைகளின் பேச்சுப் பெயர்களை அச்சிட்டு, பக்கத்தில் ‘வாரத்துக்கு எத்தனை நாள்’ என்று ஒரு கட்டம் வைத்தார்கள். ஆம் என்று சொன்னவரைக் கடிந்துகொள்வதில்லை என்பதைச் செவிலியருக்குத் தனியாகச் சொல்லவேண்டியிருந்தது; கடிந்தால் அடுத்த முறை கட்டம் காலியாகத்தான் வரும். ஏ.எல்.டி.யும் பிலிருபினும் சேர்ந்து உயர்ந்தால் அன்றே ஐ.என்.ஆர்., அன்றே மாவட்ட மருத்துவமனை. அதோடு வீட்டு அலமாரியில் இருப்பதை எல்லாம், ஏலக்காய் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது.

இன்சுலின் பற்றிய முதல் பேச்சை மாத்திரை தோற்ற நாளில் வைக்காமல், நோய் கண்டறிந்த ஆண்டிலேயே, வீட்டார் ஒருவர் உடனிருக்க வைப்பது என்றும் ஒத்துக்கொண்டார்கள். இதற்கு நேரம் ஒதுக்குவதுதான் இன்னும் இழுபறியாக இருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டின் வாசகமும் மாறியது. இப்போது அதில் இருப்பது: ‘ஜஅதா உங்கள் ஈரலைப் புண்ணாக்கியது. கடையில் வாங்கியதானாலும், மலையில் பறித்ததானாலும், கஷாயம், பொடி, தேன் எந்த வடிவானாலும், ஒரு வாய் கூட வேண்டாம். இந்தச் சீட்டை உங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவரிடமும் காட்டுங்கள்.’ கீழே செடியின் படம். எழுத்துத் தெரியாத அக்காவுக்காக.